பொரோமினி: கிறுக்கனா, கணக்கனா?

1. சுதைக்காரன்

பதினேழாம் நூற்றாண்டின் பரோக் காலத்து ரோம் என்று பேச்செடுத்தாலே சிற்பி பெர்னினியில் ஆரம்பித்து பெர்னினியிலேயே முடித்துவிடுகிறோம். பக்கத்து இழையிலும் அதுதான் நடந்தது. அதே காலத்துக் கட்டடக் கலைஞர் பொரோமினி பெயரைச் சொன்னதும் ஒருவர் "அந்தக் கிறுக்கன்தானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதனால் இந்தத் தனி இழை.

என் கட்சி என்னவென்றால், அந்த நூற்றாண்டு ரோமில் கவராயத்தையும் அளவுகோலையும் விட்டு விலகாமல் வேலை பார்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது பொரோமினிதான். அவர் கோயில்களில் சுவர் நெளிகிறது, மூலை புடைக்கிறது, தூண் முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது. மனம்போன போக்கில் செய்ததுபோல் தெரியும். வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் முக்கோணத்திலிருந்தும் வட்டத்திலிருந்தும் பிறந்தவை.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1599இல் லுகானோ ஏரிக்கரையில் பிஸ்ஸோனே என்ற சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் பிரான்செஸ்கோ காஸ்தெல்லி. அந்த ஏரிப் பக்கத்து ஊர்களிலிருந்து கல்தச்சர்களும் சுதை வேலைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இத்தாலி முழுக்கப் பிழைக்கப் போனவர்கள். இவரும் சிறுவயதில் மிலானுக்குப் போய்க் கல் செதுக்கக் கற்றார். 1619 வாக்கில் ரோமுக்கு வந்தார். உறவுக்காரரான கார்லோ மதேர்னோ அப்போது புனித பேதுரு பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர். அங்கே உளி பிடித்தவர், கொஞ்ச நாளில் மதேர்னோவுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பவராக ஆனார்.

1629இல் மதேர்னோ இறந்தார். பதவி பெர்னினிக்குப் போனது. சாந்தா பிபியானா என்ற சின்னக் கோயிலைத் தாண்டி அதுவரை பெர்னினி கட்டடம் என்று பெரிதாக எதுவும் செய்ததில்லை. அவர் சிற்பி. பத்து வருடம் சாரத்தில் ஏறி இறங்கியவர் அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

1634இல்தான் தனியாக முதல் வேலை கிடைக்கிறது. நான்கு நீரூற்றுச் சந்தியில், ஸ்பெயினைச் சேர்ந்த திரித்துவ சபைத் துறவிகளுக்கு மடமும் கோயிலும். துறவிகள் ஏழைகள், மனை சின்னது, அதிலும் ஒரு மூலையில் நீரூற்று வெட்டிக்கொண்டு போகிறது. முதலில் தங்குமிடத்தையும் உள்முற்றத்தையும் முடித்துவிட்டு, 1638இல் கோயிலுக்கு அடிக்கல். 1646இல் அபிஷேகம். சான் கார்லோ என்பது பெயர். சின்னதாக இருப்பதால் ரோம்காரர்கள் சான் கார்லினோ என்கிறார்கள். பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களில் ஒன்றுக்குள் இந்தக் கோயில் முழுவதும் அடங்கிவிடும் என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

---

2. மதுரை எஞ்சினியர்

வரைபடத்தில் முக்கோணம் போட்டால் கணக்கன் ஆகிவிட முடியுமா சார்? நான் கட்டடத்தைப் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கிறவன். சான் கார்லினோவில் கண்ணுக்குத் தெரிகிற நெளிவெல்லாம் செங்கல்லின் மேல் பூசிய சுதை. பாரத்தைத் தாங்குவது பின்னால் இருக்கும் தடித்த சுவர். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. கட்டுமானத்தில் புதிதாக என்ன செய்தார்?

முன்னெச்சரிக்கை: யாரும் கோலத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

---

3. பழைய பேப்பர்

இவ்வளவு எழுதிவிட்டு முக்கியமான கதையை விட்டுவிட்டீர்களே! பியாட்சா நவோனாவில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று இருக்கிறது. எதிரே பொரோமினி கட்டிய சாந்தாஞ்ஞேசே கோயில். அந்த நதிச் சிலைகளில் ஒன்று கோயில் முகப்பைப் பார்க்கச் சகியாமல் முகத்தை மூடிக்கொண்டிருக்கும். இன்னொன்று எங்கே மேலே விழுந்துவிடுமோ என்று கையை உயர்த்தித் தடுக்கும். பகை என்றால் இதுதான் பகை.

---

4. சுதைக்காரன்

பழைய பேப்பர், நீரூற்று 1651இல் திறந்தாயிற்று. சாந்தாஞ்ஞேசேக்கு வேலை தொடங்கியதே 1652இல். அதுவும் ரைனால்தி குடும்பத்து ஆட்கள் கையில். பொரோமினி உள்ளே வந்தது 1653இல், வெளியே போனது 1657இல். கட்டாத முகப்பைப் பார்த்து எந்தச் சிலை பயப்படும்? தலையை மூடியிருப்பது நைல் நதி. அது பிறக்குமிடம் அப்போது ஐரோப்பியர்களுக்குத் தெரியாது, அதனால் மூடிய முகம். சுற்றுலா வழிகாட்டிகளுக்குச் சோறு போடுகிற கதை இது, போகட்டும்.

எஞ்சினியர் சார் கேள்விக்குப் பதில் வருகிறது. முதலில் டீச்சர் அந்த முக்கோணத்தைப் போட்டுக் காட்டினால் நல்லது. டீச்சர் இருக்கிறீர்களா?

---

5. வடிவியல் டீச்சர்

இருக்கிறேன். பேப்பரும் கவராயமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவில் இரண்டு சமபக்க முக்கோணம். இரண்டுக்கும் அடிக்கோடு பொது. ஒன்று மேலே நோக்கும், மற்றது கீழே நோக்கும், சாய்சதுரம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் அதன் மூன்று பக்கத்தையும் தொடும்படி ஒரு வட்டம். இந்த இரண்டு வட்டங்கள்தான் நீள்வட்டத்தின் இரண்டு முனைகள். பொது அடிக்கோட்டின் இரு நுனிகளில் கவராய முள்ளை ஊன்றி, இரண்டு வட்டங்களையும் தொட்டுக்கொண்டு போகும் பெரிய வில்லை இரண்டு பக்கமும் போடுங்கள். குவிமாடத்தின் நீள்வட்டம் வந்துவிட்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது நீள்வட்டமே இல்லை, நான்கு வில் சேர்ந்த முட்டை வடிவம். ஆனால் கொத்தனார் தரையில் கயிறு கட்டி வரைய இதுதான் சௌகரியம்.

கோயில் திரித்துவ சபைக்கு. திரித்துவம் என்றால் தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்றாக இருக்கும் ஒரே கடவுள். முக்கோணத்திலிருந்து தொடங்கியது தற்செயல் இல்லை.

உள்ளே 16 தூண்கள். கீழே சுவர் வளைந்து வளைந்து போகும். நாலு வளைவும், அவற்றுக்கு இடையே மூலையை நிரப்பி ஏறும் நாலு மூலைத்தாங்கியும் மேலே சேர்ந்து அந்தச் சுத்தமான நீள்வட்டத்தை ஏந்துகின்றன. குவிமாடத்தின் உட்புறத்தில் எண்கோணம், அறுகோணம், சிலுவை என்று மூன்று வடிவங்களையும் இடைவெளியே இல்லாமல் கோத்திருக்கிறார். மேலே போகப் போக அவை சிறுத்துக்கொண்டே போகும். அதனால் குவிமாடம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அடியில் இருக்கும் ஜன்னல்கள் கீழே நிற்பவருக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். வியன்னாவின் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் சான் கார்லினோ வரைபடங்களில் சில, கோயில் கட்டி முடித்துப் பல வருடம் கழித்து அச்சிடுவதற்காக வரைந்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆகவே முக்கோணம் முதல் நாளே அவர் மனதில் எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு ஒழுங்குபடுத்திக் காட்டினார் என்பதில் விவாதம் உண்டு. சுதைக்காரன் இதைத் தாண்டிப் போய்விட்டார்.

---

6. சுதைக்காரன்

தாண்டவில்லை டீச்சர், உங்களுக்கு விட்டுவைத்தேன் :)

அந்தச் சந்தேகம் சாந்தீவோவில் எழாது. அதையும் சொல்லுங்கள்.

---

7. வடிவியல் டீச்சர்

சாந்தீவோ அல்லா சப்பியென்ஸா ரோம் பல்கலைக்கழகத்தின் கோயில். முற்றம் ஏற்கனவே ஜாகோமோ தெல்லா போர்த்தா கட்டியது. அதன் கடைசியில் மீதமிருந்த இடத்தில் கோயில். இரண்டு சமபக்க முக்கோணத்தை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்தால் ஆறு முனை நட்சத்திரம் வரும் இல்லையா? மூன்று முனைகளை அரைவட்டமாகக் குடைந்தார். மற்ற மூன்று முனைகளை நறுக்கி, அங்கே சுவர் உள்நோக்கிப் புடைக்கும்படி விட்டார்.

இதில் என்னை ஒவ்வொரு முறையும் அசத்துவது என்னவென்றால், அந்த நட்சத்திர வடிவம் தரையோடு நிற்கவில்லை. அரைத்தூண்கள் வழியாக ஏறி, மேலே கார்னிஸ் (சுவர் உச்சியில் துருத்தி நிற்கும் விளிம்பு) முழுவதும் அதே வடிவத்தில் சுற்றி ஓடுகிறது. மற்றவர்களாக இருந்தால் அங்கே மேளம் என்கிற வட்டச் சுவர் ஒன்றை வைத்து அதன்மேல் குவிமாடம் எழுப்பியிருப்பார்கள். இவர் இடையில் எதுவும் வைக்காமல் நட்சத்திரத்தின் மேலேயே குவிமாடத்தைத் தொடங்கிவிட்டார். குழிவும் புடைப்பும் மேலே போகப் போகக் கரைந்து, உச்சியில் விளக்குமாடத்தின் (வெளிச்சம் விடும் சின்னக் கோபுரம்) வளையத்தில் முழு வட்டமாகிவிடும். எந்த உயரத்தில் கரைந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

---

8. மதுரை எஞ்சினியர்

இது சரி. இது கட்டுமானம். மேளம் இல்லாமல் நேரே ஏறினால், குவிமாடத்தின் பாரம் சுவரை வெளியே தள்ளுமே, அந்த வெளித்தள்ளலை எதை வைத்துச் சமாளித்தார்?

---

9. சுதைக்காரன்

வெளியே போய்ப் பார்த்தால் விடை இருக்கிறது சார். உள்ளே இல்லாத மேளம் வெளியே இருக்கிறது. ஆறு இதழாகப் புடைத்த உயரமான சுவர் குவிமாடத்தின் கீழ்ப்பாதியைச் சுற்றி அணைத்து நிற்கும். அதற்கு மேலே படிப்படியாக ஏறும் கூரை, அதில் விலா எலும்பாக இறங்கும் தாங்குசுவர்கள். அதன் மேல் விளக்குமாடம். எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தப் பிரசித்தமான சுருள். பாபேல் கோபுரம் என்கிறார்கள், போப்பின் மும்முடி என்கிறார்கள், சங்கு என்கிறார்கள். உர்பான் போப்பின் பார்பெரினி குடும்பச் சின்னம் தேனீ. கோயிலின் தரைவடிவமே தேனீதான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலை நடந்த காலத்தில் மூன்று போப்புகள் மாறினார்கள். ஒவ்வொருவர் சின்னத்துக்கும் இடம் கொடுத்துக்கொண்டே, 1642 முதல் 1660 வரை வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் முடித்தார், அது பெரிய காரியம்.

பாரம் பற்றிக் கேட்டீர்கள். பேதுரு பேராலயத்தின் முகப்பு ஓரத்தில் பெர்னினி மணிக்கூண்டு எழுப்பினார். மதேர்னோ போட்ட அடித்தளம் அவ்வளவு பாரத்துக்கு இல்லை. 1641 வாக்கில் முகப்பில் விரிசல். பத்தாம் இன்னொசென்ட் போப்பாகப் பதவிக்கு வந்ததும் விசாரணை வைத்தார். அங்கே பெர்னினிக்கு எதிராக வரைபடத்தோடு போய், உயரமும் எடையும் ஏன் கூடுதல் என்று விளக்கியவர் பொரோமினி. 1646இல் மணிக்கூண்டைப் பிரித்து இறக்கினார்கள். பொறாமை கலந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. சொன்ன விஷயம் எஞ்சினியரிங்.

---

10. பழைய பேப்பர்

சிலைக் கதை போனால் போகிறது, பகை போகவில்லையே! பேராலயத்தின் வெண்கல விதானத்துக்கு வேலை வரைபடங்கள் போட்டதில் பொரோமினிக்குப் பங்கு உண்டு. பெயர் முழுக்கப் பெர்னினிக்கு. அந்தக் கசப்பைப் பிற்பாடு அவர் வாரிசு பெர்னார்தோ எழுதி வைத்திருக்கிறார். பிறகு பாருங்கள், ப்ரோபகாந்தா ஃபீதே என்ற மறைபரப்புத் தலைமையகத்தில் பெர்னினி கட்டிய மூன்று ராஜாக்கள் சிற்றாலயம் இருந்தது. இடித்துவிட்டு அங்கேயே தன்னுடையதைக் கட்டினார் பொரோமினி. பெர்னினியின் வீடு அதற்கு எதிர்ப்பக்கம்! காலையில் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிந்திருக்கும்?

---

11. லுகானோ தம்பி

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச சுவிஸில, லுகானோவில இருக்கிறன். இந்த மனிசனைப் பற்றித் தமிழில ஒரு இழை போகும் எண்டு நினைக்கவேயில்லை.

எண்பதுகளில வந்த எங்கட ஆக்களுக்கு பொரோமினியை நல்லாத் தெரியும், பேர்தான் தெரியாது. அந்தக் காலத்து நூறு பிராங் தாள், நீலக் கலர், அதில இருந்தவர் இவர்தான். பின்பக்கம் சாந்தீவோவின்ர அந்தச் சுருள் கோபுரம். ஊருக்குக் காசு அனுப்பேக்க கையில எண்ணிக் கொடுத்தது இந்த முகத்தைத்தான். 2000ஆம் ஆண்டோட அந்தத் தாள் செல்லாமப் போட்டுது, ஆனா தேசிய வங்கியில இப்பவும் மாத்தலாம். யாரின்ர அலுமாரியிலயும் கிடந்தா எறிஞ்சு போடாதேங்கோ.

இன்னொண்டு. 1999இல அவருக்கு 400 வயசு எண்டு இஞ்ச லுகானோ ஏரிக்கரையில மாரியோ போத்தா எண்ட கட்டடக் கலைஞர் சான் கார்லினோவைப் பாதியா வெட்டின மாதிரி, உண்மையான அளவில, முழுக்கப் பலகையால கட்டினவர். தண்ணிக்கு மேல நிண்டது. கரையில நிண்டு பாத்தா உள்ளுக்கு இருக்கிற குவிமாடம் முழுக்கத் தெரியும். 2003இல கழட்டிப் போட்டாங்கள். டீச்சர் சொன்ன வளைவுகள் எனக்கு விளங்கினது அதாலதான். ரோமில உள்ளுக்குப் போய் அண்ணாந்து பாத்தா கழுத்துத்தான் நோகும்.

---

12. வடிவியல் டீச்சர்

தம்பி, பாதியாக வெட்டிக் காட்டியதில் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளும் புறமும் ஒன்றுக்கொன்று சொல்லாமல் போவது அவர் கட்டடத்தில்தான் அதிகம். சாந்தீவோவுக்கு சுதைக்காரன் சொன்னதே அதுதான்.

---

13. பழைய பேப்பர்

சான் கார்லினோ பற்றி அந்த மடத்துத் துறவி ஒருவர் அப்போதே ஒரு விவரக்குறிப்பு எழுதி வைத்தார். பொரோமினி கூலி வாங்காமல் வேலை பார்த்தார் என்றும், கொத்தனார் கையில் கரண்டியைப் பிடித்து வழிகாட்டினார் என்றும் அதில் இருக்கிறது. இன்னொரு சமாச்சாரம்: ரோமுக்கு வரும் ஜெர்மானியர், பிளெமிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் எல்லாரும் இந்தக் கோயிலின் வரைபடம் கேட்டு வருகிறார்களாம், "இந்தியர்கள்கூட" வருகிறார்களாம்! கோவாவிலிருந்தா, நம் பரவர் கரையிலிருந்தா?

---

14. சுதைக்காரன்

ஆசைதான். மடம் ஸ்பானியர்களுடையது. அவர்கள் வாயில் அந்தச் சொல் மெக்சிகோ, பெரு பக்கத்து ஆட்களையும் குறிக்கும். தூத்துக்குடிவரை இழுக்க வேண்டாம்.

விவரக்குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது செலவு விஷயம். பளிங்கு இல்லை, தங்கப்பூச்சு அதிகம் இல்லை. செங்கல், சுதை, வெள்ளை. பெர்னினி வண்ணப் பளிங்கும் வெண்கலமும் வைத்துச் செய்வதை இவர் சுண்ணாம்பும் நிழலும் வைத்துச் செய்தார். உள்முற்றத்துக் கைப்பிடிச் சுவரின் குட்டித் தூண்களைப் பாருங்கள், ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக. கூடுதலாக ஒரு காசு செலவில்லை.

பிலிப்பு நேரி சபையாருக்கு அவர் கட்டிய ஜெபக்கூடமும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் தங்கள் பெரிய கோயிலை இந்த முகப்பு விஞ்சிவிடக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. அதனால் கல் இல்லை, செங்கல். மனிதர் என்ன செய்தார்? சன்னமான செங்கல்லை இழைத்துக் கூட்டு தெரியாமல் அடுக்கி, முகப்பையே உள்நோக்கி வளைத்தார். முழு முகப்பையும் ஒரே சுட்ட மண்ணாகச் செய்ய முடிந்தால் செய்திருப்பேன் என்கிற மாதிரி எழுதியும் வைத்திருக்கிறார். வருபவர்களைக் கை விரித்து வரவேற்கும் மனித உடல்தான் அந்த முகப்பு என்பது அவரே தரும் விளக்கம்.

இதைப் படித்துவிட்டு பெர்னினி 1665இல் பாரிசில் சொன்னதைப் படியுங்கள். கட்டடக்கலைக்கு அடிப்படை மனித உடல், பொரோமினி அதை விட்டுவிட்டுக் கற்பனைப் பிராணிகளைப் பின்பற்றுகிறார் என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். ஜெபக்கூடத்தின் முன்னால் நின்று பேசியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?

---

15. மதுரை எஞ்சினியர்

சொல்லியிருப்பார். விளக்கம் எழுதுவது சுலபம். கை விரித்த உடல் என்று அவர் சொல்வதால் எனக்கு உடல் தெரிந்துவிடாது.

லாத்தரன் பேராலயத்தை ஏன் யாரும் பேசவில்லை? என் கணக்கில் அவருடைய நிஜமான எஞ்சினியரிங் அதுதான். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துப் பழைய கட்டடம், விழுகிற நிலை. 1650 ஜூபிலி என்ற புனித ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், 1646இல்தான் வேலை கையில் வருகிறது. பழையதை இடிக்கக் கூடாது என்பது போப்பின் கட்டளை. பழைய தூண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெரிய தூணுக்குள் மூடினார். இடையிடையே வளைவு, தூணின் முகத்தில் பச்சைப் பளிங்குத் தூண்களோடு மாடம். பன்னிரண்டு மாடங்களுக்கும் அப்போஸ்தலர் சிலைகள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தன. மேலே கல் வளைவுக் கூரை போட நினைத்தார், அனுமதி கிடைக்கவில்லை. பழைய மரக்கூரையே நின்றுவிட்டது. கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தார். இதற்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன். சான் கார்லினோவுக்கு இல்லை.

ஆனால் அதே வேலைத்தளத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1649இல் அங்கே கல்லைச் சேதப்படுத்திய ஒருவனைப் பிடித்து, பொரோமினி சொல்லி ஆட்கள் அடித்தார்கள். அவன் செத்துப்போனான். போப்பின் தயவால் பெரிய தண்டனை இல்லாமல் தப்பினார். 1652இல் அதே போப் அவருக்கு வீரர் பட்டமும் கொடுத்தார். மேதை என்றால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

---

16. சுதைக்காரன்

பேச வேண்டும்தான். எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். கல்லுக்குக் கீறல் விழுந்தால் பொறுக்காத மனிதர், ஆள் உயிர் போனதற்கு எவ்வளவு வருந்தினார் என்பதற்கு எந்தத் தடயமும் என் கண்ணில் படவில்லை.

---

17. புது உறுப்பினர் 88

பொரோமினி எப்படி இறந்தார் என்று விரிவாகச் சொல்ல முடியுமா?

---

18. மட்டுறுத்துநர்

முறையை விவரிக்க வேண்டாம். மற்றதைப் பேசலாம்.

---

19. வடிவியல் டீச்சர்

1667 கோடை. தூக்கமில்லை, உடம்பு சரியில்லை, கடும் மனச்சோர்வு. ஜூலையில் நெருங்கிய நண்பர் மார்த்தினெல்லி போய்ச் சேர்ந்தார். ஓய்வெடுக்க வேண்டும் என்பது வைத்தியர் உத்தரவு. இரவில் எழுதுவதற்கு விளக்குக் கேட்டிருக்கிறார், கூட இருந்த உதவியாள் மறுத்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார். உடனே உயிர் போகவில்லை. நடந்ததை நிதானமாக, வரிசையாகத் தானே சொல்லிப் பதிவு செய்யவைத்தார், பாவசங்கீர்த்தனமும் செய்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் இறந்தார். அந்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. படித்தால் "கிறுக்கன்" என்ற சொல் வாயில் வராது. சான் ஜொவான்னி தெய் ஃபியோரெந்தீனி கோயிலில், மதேர்னோவின் கல்லறையிலேயே அடக்கம், அவர் விருப்பப்படி.

சாவதற்கு முன் வரைபடங்களை எரித்தார் என்றொரு சேதி உண்டு. எரித்தது போக நூற்றுக்கணக்கில் அல்பெர்ட்டினாவில் மிஞ்சியிருக்கிறது. மையில் வரைவது வழக்கமாக இருந்தபோது இவர் கிராஃபைட் பென்சிலை நம்பியவர். ஒரே தாளில் அழித்து, திருத்தி, மேலே மேலே போட்ட கோடுகளைப் பார்க்கலாம்.

---

20. மதுரை எஞ்சினியர்

சான் கார்லினோ முகப்பு மிச்சமிருக்கிறதே. துறவிகளிடம் காசு சேர்ந்து முகப்பு வேலை தொடங்கியது 1665இல். அவர் போகும்போது மேல்பாதி நிற்கவில்லை, பெர்னார்தோதான் முடித்தார். கீழே குழிவு, புடைப்பு, குழிவு என்று ஒரு தாளம் இருக்கிறது. மேலே மூன்றும் குழிவு, உச்சியில் தேவதூதர்கள் தூக்கிப் பிடித்த ஒரு பெரிய முட்டை வடிவப் படம். அந்தப் படம் முகப்பின் நெற்றியில் ஒட்டவில்லை. இதில் எவ்வளவு பொரோமினி?

---

21. சுதைக்காரன்

கீழ்த்தளத்தில் சந்தேகமே இல்லை. மேல்தளத்தின் வளைவும் அவர் திட்டம் என்றே நினைக்கிறேன். படம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வாசலுக்கு மேலே புனித கார்லோ சிலைக்கு இரண்டு பக்கமும் செருபீன் என்ற தேவதூதர்கள் சிறகை உயர்த்தி, அந்தச் சிறகுகளே கூம்பு வளைவாகச் சேரும் பாருங்கள். அந்த ஒரு இடத்துக்காக மற்றதை மன்னிப்பேன்.

---

22. புது உறுப்பினர் 88

அடுத்த மாதம் ரோம் போகிறேன். ஒரே நாள்தான். எதைப் பார்க்கலாம்?

---

23. சுதைக்காரன்

சாந்தீவோ பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் திறந்திருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். பலாத்சோ ஸ்பாதாவில் அவர் செய்த தூண் நடை ஒன்று இருக்கிறது; 9 மீட்டருக்கும் குறைவு, பார்வைக்கு நாலு மடங்கு நீளம், கடைசியில் நிற்கும் சிலை இடுப்பளவுகூட இருக்காது. நேரமில்லையென்றால் அதை விடலாம். சான் கார்லினோவை மட்டும் விடாதீர்கள். அதே தெருவில் சில நிமிட நடையில் பெர்னினியின் சாந்தாந்த்ரேயா இருக்கிறது. அதுவும் நீள்வட்டம்தான்.

---

24. மதுரை எஞ்சினியர்

இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லி அனுப்புங்கள் சார். சான் கார்லினோவில் நீள்வட்டத்தின் நீளமான அச்சு பலிபீடத்தை நோக்கிப் போகும். சாந்தாந்த்ரேயாவில் குறுக்கே கிடக்கும். வாசலில் கால் வைத்ததும் பீடம் எதிரே வந்து நிற்கும். புது உறுப்பினரே, இரண்டிலும் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள். நான் சாந்தாந்த்ரேயா கட்சி, ஓட்டு அங்கேதான்.